ஆவியில் தெரியும் உப்பு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு தாறுமாறாகப் போனது எழுபத்தொன்றாம் ஆண்டு. மாதத்தைக்கூட என்னால் சொல்லிவிட முடியும். பெரியப்பாவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் அந்த ஆவணியில். சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக எங்கள் வீட்டில் சாப்பிட வந்தது அதற்கு முந்தின வைகாசியில். பெரியம்மா காய்ச்சலில் படுத்தது பங்குனி உற்சவத்தின்போது. அறுபத்துமூவர் புறப்பாட்டை அவள் பார்க்காமல்போன ஒரே வருஷம் அதுதான். ஆகவே நான் சொல்லப்போவது பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவே, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்தது.

மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. மூன்று சகோதரர்களின் குடும்பமும், கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தையும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். காலையில் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு பந்தி, பிறகு குழந்தைகளுக்கு ஒரு பந்தி, கடைசியில் பெண்கள். என் அம்மா தபால் ஆபீஸ் வேலைக்குப் போனதால் ஆண்களோடு அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடுவாள். சமையல் முழுவதும் பெரியம்மாவின் ராஜ்யம். கடையில் வாங்கிய பொடியோ, ஊறுகாயோ, அப்பளமோ அந்த அடுப்பங்கரைக்குள் நுழைந்ததில்லை. ஓட்டல் என்ற சொல்லைப் பெரியம்மா ஆஸ்பத்திரி என்பதுபோல உச்சரிப்பாள்.

சுவாமிக்கு நைவேத்யம் ஆகும்வரை யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டின் மாற்றமுடியாத சட்டம். சமைக்கிறவளுக்கும் அதில் விலக்கில்லை. அப்படியானால் இத்தனை பேருக்கான சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மற்ற வீடுகளில் கை அளவை நம்பினார்கள். பெரியம்மா மூக்கை நம்பினாள். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து, ஆவியை உள்ளங்கையால் தன் பக்கம் தள்ளி, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள். "இன்னும் சித்த உப்பு கேக்கறது" என்று ஜாடியில் கையை விடுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை. இதைப் பார்க்கவென்றே அக்கம்பக்கத்து மாமிகள் வந்து நின்றதுண்டு.

காய்ச்சல் தெளிந்து அவள் மறுபடி அடுப்படிக்கு வந்த வாரம், பெரியப்பா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "உப்பு கரிக்கறதே" என்றார். அடுத்த நாள் ரசத்தில் உப்பே இல்லை. அதற்கு மறுநாள் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கும் மறுநாள் கூட்டு கடல் தண்ணீர்.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் அத்தைதான். சந்தேகப்படுவதில் அவளுக்கு ஒரு கைத்திறன் உண்டு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது அந்தத் தை மாதம். புதிதாக வந்த சித்தி திருச்சிக்காரி, அதிகம் பேசாதவள். பேசாதவர்கள் மேல் அத்தைக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

"இருபது வருஷமா தப்பாத உப்பு இப்ப எப்படிண்ணா தப்பும்?" என்று அத்தை பெரியப்பாவிடம் கேட்டாள். "அவ பொறந்தாத்துல அவாளுக்கு திருவான்மியூர்ல மனை பாத்துண்டிருக்கா. இந்தாத்துச் சாப்பாடு வாயில வைக்க வழங்காமப் போனா, தனிக்குடித்தனத்துக்கு ஒரு காரணம் கிடைச்சுடுத்தோல்லியோ?"

"சும்மா இரு. மன்னி காதுல விழப்போறது" என்றார் பெரியப்பா. தன் மனைவியை அவர் அத்தைக்கு முறை சொல்லி மன்னி என்றுதான் குறிப்பிடுவார்.

"விழட்டுமே. அவளுக்கும் தெரியணும்."

அடுப்பங்கரை வாசலுக்கு அந்தப் பேச்சு நன்றாகவே கேட்டிருக்கும். பெரியம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நறுக்கத் தொடங்கியது. அவ்வளவுதான்.

மறுநாள் அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு முறம் கொத்தவரங்காயைக் கொடுத்தாள். "அடுப்பங்கரை மூலைல உக்காந்துண்டு நார் எடு. கண்ணு காய்ல இருக்கட்டும், பார்வை உன் சித்தி கைல இருக்கட்டும்" என்றாள். அது எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது மிக உயர்ந்த பதவியாகத் தெரிந்தது. விடுமுறையில் வேறு வேலையும் இல்லை.

பெரியம்மா சாம்பாரின் மேல் குனிந்தாள், ஆவியை இழுத்தாள், உப்பு போட்டாள், கோலம் போட சுவாமி அறைக்குப் போனாள். சித்தி வாசற்படியை ஒரு தடவை பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, முறத்தின் பின்னால் நான் அவ்வளவு சிறியவளாக இருந்திருக்கவேண்டும். கரண்டியைத் தூக்கிப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கினாள்! நைவேத்யம் ஆகாத சாம்பாரை! உடனே கையை அலம்பிக்கொண்டு ஜாடியைத் திறந்தாள், ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுக் கிளறினாள்.

முறத்தைக் கீழே போட்டுவிட்டு அத்தையிடம் ஓடினேன். அத்தை பெரியப்பாவிடம் போனாள். "உப்பைப் போட்டதோட நிக்கல, எச்சல் வேற பண்ணியிருக்கா!" என்ற குரல் தெருவரைக்கும் கேட்டது. சாம்பார் முழுவதும் சாக்கடைக்குப் போனது. பெரியப்பா சித்தியைக் கூடத்துக்கு வரவழைத்து, "ஏம்மா, போட்டியா இல்லையா?" என்று கேட்டார்.

"போட்டேன்" என்றாள் சித்தி.

"ஏன்?"

சித்தி பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா தரையைப் பார்த்தாள். 

"இனிமே நீ அடுப்பங்கரைப் பக்கம் வர வேண்டாம்" என்றார் பெரியப்பா. "அவன் வரட்டும். உங்களுக்குத் தனியாப் போறதுதான் சரின்னா, அதையும் பேசிடறேன்." எங்கள் வீட்டில் ஒரு மருமகளை அடுப்படியிலிருந்து விலக்குவது பாதிப் பெட்டியைக் கட்டிவிட்டதற்குச் சமம். சித்தி துணி மடிக்கிற வேலைக்கு மாற்றப்பட்டாள். அவளோடு பேசுவதைப் பலரும் குறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் குற்றவாளி போன பிறகும் குற்றம் நிற்கவில்லை. உப்பு முன்னைவிட மோசமாயிற்று. "அவ கை பட்ட தோஷம், போக நாளாகும்" என்றாள் அத்தை. எனக்கு அது போதவில்லை. பதவியை நானாகவே நீட்டித்துக்கொண்டு பெரியம்மாவையும் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் பால் அடிப்பிடித்து, தீய்ந்த நாற்றம் மாடிவரை வந்து, நான் இறங்கி ஓடினேன். பெரியம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, பால்!" என்று நான் கத்திய பிறகுதான் திரும்பினாள். திரும்பியவள் பாலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முதலில் பார்த்தாள். "வெளில சொல்லாதேடி" என்றாள். பெரியவர்கள் சொல்லாதே என்றால் அதில் விஷயம் இருக்கிறது என்பது அதற்குள் எனக்குத் தெரியும். சித்தியோடு இவளும் கூட்டு என்று தீர்மானித்தேன்.

வைகாசியில் சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். பெரியப்பா முதல் நாளிலிருந்தே சரியாகத் தூங்கவில்லை. சாப்பாட்டுக்குப் பெயர்போன வீடு என்றுதான் இந்தச் சம்பந்தமே வந்திருந்தது. அன்றைக்கு உப்பு தப்பினால் பேச்சு ஊர்முழுக்கப் போகும். பெரியம்மாவின் கையிலிருந்து கரண்டியும் போகும்.

விருந்தாளிகள் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். "உன் சித்திய வரச்சொல்லு. கொல்லை வழியா வரச்சொல்லு."

சித்தி வந்ததும் கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. இடுக்கு போதுமானதாக இருந்தது. மோர்க்குழம்பு, கூட்டு, ஈயச்சொம்பில் ரசம், எல்லாம் தயாராக இருந்தன. பெரியம்மா தானே கரண்டியை எடுத்தாள், தானே சித்தியின் உள்ளங்கையில் ரசத்தை விட்டாள்.

"மன்னி, இன்னும் நைவேத்யம் ஆகலையே" என்றாள் சித்தி.

"அந்தப் பாவம் என்னோடது. நீ சொல்லு."

சித்தி சுவைத்தாள். "உப்பு போறாது."

"போடு. நீயே போடு." பெரியம்மாவின் குரல் இறங்கியது. "எனக்கு ஒண்ணுமே தெரியலைடி. காச்சலுக்கப்பறம் வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. மல்லிப்பூவை மோந்து பாத்தாக்கூட வெறும் காகிதமாட்டம் இருக்கு. உன்னைக் கூடத்துல நிக்கவெச்சுக் கேட்டாளே, அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும். திறந்தா என் அடுப்பு போயிடும்னு பேசாம நின்னுட்டேன்."

"எனக்கு முன்னமே தெரியும், மன்னி."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

சித்தி கையை அலம்பிக்கொண்டு, "மோர்க்குழம்பையும் விடுங்கோ, பாத்துடலாம். அவா காப்பியை முடிச்சுடப்போறா" என்றாள்.

எல்லாம் என் காதில் விழுந்தது. பெரியம்மாவுக்கு வாசனை தெரியாது என்பதை மட்டும் நான் ஒரு கணமும் நம்பவில்லை. மூக்கு இருக்கிறதே! பிடிபட்டவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று அத்தை எனக்குப் பழக்கியிருந்தாள். சுவாமி அன்றைக்கு எச்சில் ரசம் சாப்பிட்டார். வானம் இடியவில்லை என்பதையும் கவனித்துவைத்தேன்.

பந்தியில் சம்பந்தி மாமி ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். "ருசி பாக்காமலேவா இப்படி? அந்த ஆவி பிடிக்கற வித்தையை எனக்கும் சொல்லிக்கொடுங்கோளேன்" என்றாள். பெரியம்மா வாயைத் திறந்து மூடினாள். பிறகு, பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் தோளில் கைவைத்து, "எல்லாம் இவ கை" என்றாள். பெரியப்பா நிமிர்ந்தார். அத்தை கையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிவிட்டாள். "இனிமே அடுப்பங்கரையில இவ என்கூடத்தான் இருப்பா" என்று, யாரும் கேட்காமலே, பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள் பெரியம்மா. விருந்தாளிகளின் எதிரில் அவரால் தலையாட்டத்தான் முடிந்தது.

எல்லோரும் போன பிறகு பெரியம்மாவும் சித்தியும் அடுப்பங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் தூணோரம் நின்று வேவு பார்த்தேன். பெரியம்மா சாதத்தைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டு, "சொல்லு" என்றாள்.

"முதல்ல மிளகு வரது, மன்னி. அப்பறம்தான் புளி, பின்னாடியே" என்றாள் சித்தி.

"பெருங்காயம்?"

"சித்த தூக்கலா இருக்கு. நன்னாருக்கு. கடைசில கொத்தமல்லி தொண்டைல நிக்கறது."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இரண்டு இலையிலும் இருந்தது ஒரே சொம்பு ரசம். அதை ஒருத்தி ஏன் கேட்கவேண்டும், இன்னொருத்தி ஏன் கதைபோலச் சொல்லவேண்டும், கேட்கிறவளுக்கு ஏன் மூடிய கண்ணிலிருந்து நீர் வழியவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ரசத்தில் மிளகு அதிகமாகிவிட்டது, அதை இருவரும் மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் பெரியம்மாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.