டோரீன் சொன்ன அமாவாசை

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எத்தனை தடவை எழுந்துபோயிருக்கிறேன் என்று விஜயாவுக்குத்தான் தெரியும். விஜயா என் வீட்டுக்காரி. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு இந்தப் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங் பார்த்தது, முழங்கால் வலி, முருகன் கோவில் படிக்கட்டு என்று உங்களோடு என்னென்னவோ பேசிவிட்டேன். இதை மட்டும் எழுதவில்லை. பயமா? இல்லை. வெட்கம்.

போன செவ்வாய்க்கிழமை அந்த வெட்கத்துக்கு ஒரு முடிவு வந்தது.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு அதே கம்பெனியில் வேலை பார்த்த நசீர் பாய் வந்தார். வந்ததும் வராததுமாக போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தோஸ்த், இத்த படி. எல்லார் போன்லயும் இதான் சுத்துது."

படித்தேன். 'லண்டன் கடலில் சிக்கிய ஆம்பூர் பக்தர்! வெள்ளைக்காரப் பெண் உருவில் வந்து காப்பாற்றிய அம்மன்! காப்பாற்றியதும் அந்தப் பெண் மறைந்த அதிசயம்! இதைப் பதினோரு பேருக்கு அனுப்பினால்...'

"இது உன் கததானே?" என்றார் பாய்.

"என்னுதுதான்."

"அந்தம்மா மறஞ்சிட்டாங்களா? டீ ஊத்திக் குடுத்தாங்கன்னு எங்கிட்ட சொன்னியே!"

மறையவில்லை. டீ ஊற்றினார், திட்டினார், பஸ் ஏற்றிவிட்டார். எழுதியவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான்தான் சொந்தக்காரர்களிடம் பாதியை மட்டும் சொன்னேன். மீதியை ஊர் நிரப்பிக்கொண்டது. இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் ரேவதி நர்ஸ். வேலூரில் படித்துவிட்டு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் குழந்தை பிறந்தபோது நானும் விஜயாவும் மூன்று மாதம் போய் இருந்தோம். நடுவில் ஆடி அமாவாசை வந்தது.

அப்பா போனதிலிருந்து அந்த நாளில் நான் எள்ளும் தண்ணீரும் விடாத வருஷமே கிடையாது. காய்ச்சலோடு போயிருக்கிறேன். ஷிப்மென்ட் நாளில் லீவு கேட்டு மேனேஜரிடம் வசவு வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். நமக்குப் பாலாறுதான். தண்ணீர் எங்கே என்று கேட்காதீர்கள்... மணலில் கையால் ஊற்று தோண்டினால் கசிந்து வரும். அதில்தான் மூன்று தலைமுறைப் பேரைச் சொல்லி விடுவோம். மணலைப் பார்த்துப் பயப்படணும் என்று நமக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஆறு என்றாலே நமக்கு நடந்துபோகிற இடம்தானே!

லண்டனில் எங்கே போவது? தேம்ஸ் நதிக்குப் போகலாம் என்றேன்.

"அப்பா, அங்க படகு போற கூட்டத்துல நின்னு எள்ளு வுடப்போறீங்களா? வேடிக்க பாப்பாங்க" என்றாள் ரேவதி.

பக்கத்து வீட்டு டெரிக்கிடம் கேட்டேன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வேலிக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசுவார். (அவர்கள் இங்கிலீஷை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன். என்னுடையது ஷூ வாங்க வருகிற வெளிநாட்டு பையர்களோடு பேசிக் கற்ற கம்பெனி இங்கிலீஷ். தப்பிருந்தால் என் தப்பு.)

"லண்டன்ல இன்னா இருக்கு?" என்றார் டெரிக். "நாடு அதுக்கு வெளியதான் இருக்குது. வர்றவங்க எல்லாம் அரண்மனைய போட்டோ புடிச்சிட்டு, இங்கிலாந்த பாத்துட்டேன்னு ஊருக்குப் போயிடறாங்க. நானே அந்தப் பக்கம் போயி வருஷக்கணக்காச்சு!"

மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரைச் சொன்னார். பிரிஸ்டல் போய் வண்டி மாறணும். சின்னப் பிள்ளையில் அவர் கோடை லீவுக்குப் போன ஊராம். அகலமான மணல், கூட்டம் கம்மி. டிக்கெட்டை முன்னாலேயே எடு என்றார். வெயில் அடித்தாலும் மழைக்கோட்டை விடாதே. சாயங்காலம் பஸ் சீக்கிரம் நின்றுவிடும், இறங்கியதும் கடைசி பஸ் எப்போது என்று கேட்டுக்கொள். போனைத் தடவாதே, உள்ளூர்க்காரர் ஒருத்தரிடம் வாய் திறந்து பேசு.

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஒன்று சேர்த்தார். "கடல பாக்கறதுக்கு முன்னாடி போர்ட பாரு."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். டிக் போடாமல் ஒரு ஜோடி ஷூவைப் பெட்டிக்குள் விடாதவன் நான். டிக்கெட், டிக். கோட்டு, டிக். கடைசி பஸ், டிக்.

ரேவதிக்கு அன்றைக்கு லீவு இல்லை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். ரயிலில் நான் மட்டும் வேட்டி. குளிருக்காக வேட்டிக்குக் கீழே ஷூ — நம்ம ஆம்பூர் ஷூதான். விஜயா பையில் எள், தர்ப்பை, ஒரு செம்பு. ஐயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டால் சேரும் என்று எங்கள் கோவில் ஐயர் போனிலேயே சொல்லியிருந்தார்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. கடலைத்தான் காணோம்!

மணல்... மணல்... அதற்கப்பால் பழுப்பாகச் சேறு. அதற்கும் அப்பால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு வெள்ளிக் கோடு. நான் பார்த்த ஒரே கடல் மெரினா. அது போட்ட இடத்தில் கிடக்கும். இது என்ன, பாலாறு மாதிரி வற்றிப்போயிருக்கிறது?

கரையில் படிக்கட்டுப் பக்கம் ஒரு டீக்கடை. மஞ்சள் கோட்டுப் போட்ட, அறுபது வயசு இருக்கும் ஓர் அம்மா. பேர் டோரீன் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் படியில் இறங்குவதைப் பார்த்து வெளியே வந்தார்.

"மை லவ், எங்க போறீங்க?"

விஜயா என் முழங்கையைக் கிள்ளினாள். "இன்னாங்க இது, லவ்வுன்றாங்க?"

"இந்தப் பக்கம் எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுவாங்களாம், டெரிக் சொன்னாரு. சும்மா இரு."

டோரீன் அம்மா கையை நீட்டி மணலில் நட்டிருந்த ஒரு கம்பத்தைக் காட்டினார். "அத தாண்டிப் போகாதீங்க. அப்பால சேறு, கால இழுக்கும். இன்னைக்கு அமாவாசை வேற. அமாவாசைல கடல் ரொம்ப தூரம் போகும், போன வேகத்துல திரும்பி வரும். போர்ட்ல நேரம் போட்டிருக்குது பாருங்க."

போர்டு பக்கத்திலேயே இருந்தது. நான் பார்த்தேன். படிக்கவில்லை. நம்ம ஊரில் குளிக்காதே, இறங்காதே என்று எத்தனை போர்டு? ஒன்றையாவது நின்று படித்திருக்கிறோமா?

அவர் வாயில் அமாவாசை என்று வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் எந்த நாளுக்காக வந்தேனோ, அந்த நாளைச் சொல்லியே போகாதே என்கிறார். என் வேட்டியைப் பார்த்தார், விஜயா கையிலிருந்த செம்பைப் பார்த்தார்... எனக்குப் புத்தி கோணிவிட்டது.

"கடல் எல்லாருக்கும் பொது, மேடம்" என்றேன் இங்கிலீஷில். விஜயா பக்கம் திரும்பித் தமிழில் இன்னொன்றும் சொன்னேன். ஐந்து வருஷமாக எழுத முடியாத வரி அதுதான். எழுதிவிடுகிறேன்:

"வெள்ளக்காரிக்கு நம்ம சாமி சடங்குன்னா பேஜாரு. மாட்டுக்கறி தின்ற வாயி, அதுக்கு அமாவாசைய பத்தி இன்னா தெரியும்?"

ஆம்பூரில் மாட்டுத் தோல் ஷூவால் முப்பது வருஷம் சோறு தின்றவன் சொன்ன வார்த்தை அது.

டோரீன் அம்மா தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

நடந்தோம். நான் ஓர் அடி வைத்தால் கடல் இரண்டடி பின்னால் போகிறது. கம்பம் வந்தது.

"இங்கயே ஊத்து தோண்டி வுட்டுடலாமே, பாலாத்துல பண்ற மாதிரி" என்றாள் விஜயா.

"கடல் கண்ணெதிர இருக்கும்போது ஊத்தா? நீ நில்லு. நான் போயிட்டு வர்றேன்."

எள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தாண்டிப் போனேன். கொஞ்ச தூரம் கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு கணுக்கால் வரை போனது. அடுத்த அடி முழங்கால் வரை. ஒரு காலை இழுத்தால் இன்னொன்று இறங்குகிறது. யாரோ அடியிலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி.

"விஜயா, வராத! அங்கியே நில்லு!"

திரும்பிப் பார்த்தால் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மின்னுகிறது. வரும்போது அங்கே தண்ணீர் இல்லை. கடல் எனக்கு முன்னால்தானே இருக்கிறது, பின்னால் ஏது தண்ணீர்? அலை இல்லை, சத்தம் இல்லை. பள்ளங்களில் புகுந்து, சுற்றிக்கொண்டு, பின்பக்கமாக வருகிறது.

முருகா என்று கத்தினேன். கத்தினேனா, வாய்க்குள்ளேயே சொன்னேனா, தெரியாது. அப்பாவுக்கு எள் விட வந்தவனுக்கு அடுத்த ஆடியில் யார் விடுவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது.

அப்போதுதான் மஞ்சள் கோட்டு தெரிந்தது. டோரீன் அம்மா கம்பத்தருகே நிற்கிறார். காதில் போன். கழுத்தில் தூரம் பார்க்கும் கண்ணாடி. நான் பேசிய பேச்சுக்குப் பிறகும் கடைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

"உட்காரு! பின்னால சாஞ்சு உட்காரு! கால உதறாத!" என்று கத்தினார்.

சேற்றிலா? நான் எள் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எள்ளு நனஞ்சிடும் விஜயா!"

விஜயா அழுதுகொண்டே கத்தினாள். "எள்ளா இப்ப முக்கியம்? அவங்க சொல்றத கேளுங்க! வந்ததுலேர்ந்து சொல்றாங்க இல்ல!"

உட்கார்ந்தேன். இறங்குவது நின்றது. தண்ணீர் மட்டும் ஏறியது. தொப்புள் வரை வந்தபோது மீட்புக்காரர்கள் இரண்டு பேர் சேற்றில் வழுக்கிப் போகிற பலகையோடு வந்து, கால் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி இளக்கி என்னை இழுத்தெடுத்தார்கள். டோரீன் அம்மா போன் செய்து கூப்பிட்டவர்கள்.

டீக்கடையில் கம்பளி போர்த்தி உட்காரவைத்தார். டீ கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு திட்டினார். முக்கால்வாசி புரியவில்லை. அந்த அளவுக்கு நல்லதுதான்.

"இவ்ளோ தூரம் எதுக்கு வந்த?" என்று கடைசியில் கேட்டார். அப்பா, எள், தண்ணீர், அமாவாசை — எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா? நீ ஏன் கடல்கிட்ட போற? சாயங்காலம் ஏழு மணிக்கு அதுவே இந்தப் படிக்கு வரும். உட்காரு."

உட்கார்ந்தோம். வந்தது. எந்தச் சேறு என்னைப் பிடித்ததோ அதை முழுசாக மூடிக்கொண்டு வந்து, மூன்றாவது படியைத் தொட்டது. ஏழு மணிக்கும் அங்கே நல்ல வெயில். நனையாத எள்ளை எடுத்து, அப்பா பேர், தாத்தா பேர், அவர் அப்பா பேர் சொல்லி விட்டேன். டோரீன் அம்மா பின்னால் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். முடித்துத் திரும்பியதும், "கடைசி பஸ்சுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு, நடங்க" என்று ஸ்டாப்பு வரை வந்து ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் விஜயா ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

எப்படிக் கேட்பது? நான் சொன்னது அவருக்குப் புரியாது. மன்னிப்புக் கேட்டால் முதலில் சொன்னதைச் சொல்லணுமே! தேங்க்யூ மட்டும் பத்துத் தடவை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஐந்து வருஷமாக உறுத்துவது அதுதான்.

ஏலகிரிக்கு வருகிற சென்னைக்காரர்களிடம் நம்ம ஆட்கள் சொல்வதில்லையா — மேலே மழை பெய்கிறது, அருவிப் பக்கம் இறங்காதீங்க என்று? நம்மைக் கிராமத்தான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு இறங்குகிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. நானும் அங்கே அந்தச் சென்னைக்காரன்தான். அந்தந்த ஊர்த் தண்ணீரும் மண்ணும் அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். நான் காலண்டரில் பார்த்த அமாவாசையை அவர்கள் கடலில் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே அமாவாசை.

நான் சாமி கும்பிடுகிறவன். அன்றைக்கு அம்மன் யாரையாவது அனுப்பியிருந்தால், படிக்கட்டிலேயே என்னை நிறுத்தத்தான் அனுப்பியிருப்பாள். அதைத்தான் நான் கேட்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதையைப் பதினோரு பேருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். வெளியூர் போகிற ஒருத்தருக்குச் சொன்னால் போதும். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அம்மனைச் சேர்க்காதீர்கள். நான் சொன்ன அந்தக் கேடுகெட்ட வரியை எடுக்காதீர்கள். டோரீன் அம்மா பேரை விடாதீர்கள். அவர் மறையவும் இல்லை.

அன்றைக்கு மறைந்துபோனது ஒன்றே ஒன்றுதான் — நானே செக் பண்ணி டிக் போட்ட, என் வலது கால் ஷூ.