இழவு வீடுகளில் பாடிய எங்கள் அண்ணன்

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அட்டையில் இருக்கும் முகம் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒருநாள் அண்ணன் பாடியிருப்பார். எந்த நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பந்தல் போட்டு, தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, வந்தவர்கள் எல்லாம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள். "மெல்லப் போ மெல்லப் போ மலைவண்டியே" என்று கேட்குமே, அந்தக் குரல்தான்.

தலைப்பைப் பார்த்துவிட்டு எங்கள் பெரிய மாமா, "ஏனம்மிணி, நெனைவு மலர்ல போயி எழவுன்னு போடோணுமா? இசைச்செல்வர், அது இதுன்னு நல்லதா ஒண்ணு போடக்கூடாதா?" என்று கேட்டார். அண்ணன் உயிரோடு இருந்தபோது அவரை யாரும் இசைச்செல்வர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. செத்த பிறகு எதற்குப் பொய்? அடுத்த மாதம், தையில், எங்கள் கடைசித் தங்கைக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் அண்ணனின் பாட்டைப் போடப் போகிறோம். அதற்காக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு முன்னால் அந்தப் பாட்டு எதற்காகப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பெரியநாயக்கன்பாளையத்தில், அம்மா இன்றும் இருக்கிற வீட்டிலேயே பிறந்தார். அப்பா பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டியவர். மூவரில் அண்ணன் மூத்தவர், நான் நடுவள், பாப்பா கடைசி. அண்ணன் பாடுவதில் வள்ளல், பேசுவதில் கஞ்சர். அம்மா அடுப்படியிலிருந்து அவரைச் செல்லமாக, "சாமீ, எங்கிருக்கற?" என்று கூப்பிட்டால், வீட்டின் எந்த மூலையிலிருந்தோ "ம்ம்" என்று மட்டும் வரும். தாழ்ந்து தொடங்கி, கொஞ்சம் மேலே ஏறி நிற்கும் ஒரு "ம்ம்". "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற?" என்று அம்மா வைவார். அதற்கும் "ம்ம்"தான் பதில்.

அப்பா காலமானதும் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு அதே பட்டறையில் சேர்ந்தார். பகலெல்லாம் லேத். பொழுது சாய்ந்ததும் கைக் கிரீஸைக் கழுவிக்கொண்டு, கோவைக்கு பஸ் பிடித்து மாலை வகுப்பில் சங்கீதம் படித்தார். ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவரிடம் போய், மேற்கத்திய முறையில் இசையை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். "கோயலுக்கு வாடான்னா வரமாட்டீங்கற, சர்ச்சுக்கு மட்டும் ஓடற" என்று அம்மா கேட்டதற்கு, "அங்க சாமி கும்பிடலீங்கம்மா, கணக்குப் படிக்கறேன்" என்றார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கோயில் நோம்பித் திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடினார். தூக்கத்தில்கூட விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும்.

எனக்குத் தொண்ணூறில் கல்யாணம். என் வீட்டுக்காரருக்கு வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸ் வேலை. அவர் லீவு முடிந்து முன்னால் போய்விட, பிறகு அண்ணன்தான் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். ஆழியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே சன்னலில் சாய்ந்து தூங்கிப்போனேன். அண்ணன் எழுந்து டிரைவரிடம் போய், "ஏனுங், கொஞ்சம் மெல்லப் போங்க. தங்கச்சி தூங்கறா" என்றாராம். கண்டக்டர், "அப்ப நாங்க கட்டில் போட்டு உடட்டுங்களா?" என்று கேட்டாராம். நான் கண் விழித்தபோது அண்ணன் சிரித்தபடி முனகிக்கொண்டிருந்தார். வால்பாறை போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

மெல்லப் போ மெல்லப் போ மலைவண்டியே – என்
தங்கம் உறங்குறா சன்னலோரமா
வளைவெல்லாம் பார்த்துத் திரும்பு வண்டியே – அவ
வாழப் போற ஊரு தெரியுது தூரமா

இதில் சாவைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். வாந்தி எடுக்கிற தங்கச்சியைப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற பாட்டு இது.

உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் மண்டிக்காரர் சினிமா எடுக்கப் புறப்பட்டார். அண்ணன் தங்கை கதை. நோம்பி மேடையில் அண்ணன் இந்தப் பாட்டைப் பாடக் கேட்டவர், "நம்ம படத்துக்கு நீங்கதானுங்க மீசிக்" என்று வீட்டுக்கே வந்து சொன்னார். அண்ணன் பட்டறையில் சொல்லிக்கொண்டு மெட்ராஸுக்குப் போனார். ஒலிப்பதிவு அன்றைக்குத் தபலாக்காரர் வரவில்லை. ஒரு புல்லாங்குழல், சில வயலின்கள், அவ்வளவுதான். பெரிய பாடகர் ஒருவர் பிறகு வந்து பாடுவார் என்று, அவருக்கு வழிகாட்ட அண்ணன் ஒரு தடவை பாடி வைத்தார். முதல் சரணம் முடிந்து புல்லாங்குழல் ஓய்கிற இடத்தில், சுருதி பிடிக்க "ம்ம்" என்று முனகியதையும் மைக் பிடித்துக்கொண்டது. பெரிய பாடகர் வரவேயில்லை. மண்டிக்காரர், "உங்க குரலே இருக்கட்டுமுங்க" என்றுவிட்டார். தபலா இல்லாத அந்தப் பாட்டு, அந்த முனகலோடு, அப்படியே கேசட்டில் ஏறியது.

படம் வந்த சுவடு தெரியாமல் போனது. அந்தச் சமயத்தில் மண்டிக்காரரின் அப்பா தவறிவிட்டார். மைக்செட்காரர் என்ன பாட்டுப் போடுவது என்று கேட்க, மண்டிக்காரர் துக்கத்தில், "நம்ம படப் பாட்டையே போடப்பா" என்று வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்த கேசட்டில் ஒன்றைக் கொடுத்தார். தாளம் இல்லாத பாட்டு, மெதுவான பாட்டு, ஊரே அழுதது. அவ்வளவு பெரிய வீட்டில் போட்ட பாட்டு என்றால் மற்ற வீடுகள் விடுமா? மைக்செட்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பதிந்துகொண்டார்கள். பொள்ளாச்சி, பல்லடம், அவிநாசி என்று பரவி, கடைசியில் அந்தப் பாட்டுப் போடாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கு நான் கூட இருந்தேன்.

என் மகளைப் பார்க்க வால்பாறைக்கு வந்திருந்தார். காலை நேரம், எதிரே இருக்கிற தேயிலைச் செடிகூடத் தெரியாத பனி. கீழே தொழிலாளர் லயத்து வீடுகள் பக்கமிருந்து பாட்டு வந்தது. அண்ணன் காப்பி டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, "அம்மிணி, நம்ம பாட்டு! ஆரோ நம்ம பாட்டப் போட்டிருக்கறாங்க!" என்று செருப்புக்கூடப் போடாமல் இறங்கினார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். பனிக்குள் எங்களுக்கு வழி காட்டியது அவருடைய குரல்தான். கீழே போகப் போக அது பெரிதானது.

பந்தல் கால் ஓரமாக ஒருவர் நின்றிருந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க, என்ன விசேஷமுங்க?" என்றார். அந்த மனிதர் அண்ணனைப் பார்த்தார். தலைக்கு மேலே குழாயைப் பார்த்தார். மறுபடி அண்ணனைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். அப்போதுதான் பனி விலகி உள்ளே தெரிந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண் பிள்ளை. காய்ச்சலாம். தாடையைச் சேர்த்துத் துணி கட்டி, நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். மேலே அண்ணனின் குரல், "என் தங்கம் உறங்குறா" என்று பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பி மலை ஏறினார்.

அதன் பிறகு அவர் பொது இடத்தில் வாய் திறக்கவே பயந்தார். உடுமலை பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் டீ கேட்டிருக்கிறார். பக்கத்துப் பெஞ்சிலிருந்த வயதான அம்மா விருட்டென்று எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பையன் போன அன்னைக்கு நீதான கண்ணு வந்து பாடுன? நல்லா இருப்பே சாமி" என்று அழுதிருக்கிறார். கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்களாம். அந்த அம்மா வாழ்த்தியதுதான் தன்னை மிகவும் பயமுறுத்தியது என்று அண்ணன் என்னிடம் சொன்னார். கல்யாண வீட்டுக் கச்சேரிகள் நின்றுபோயின. மெட்ராஸில் மற்ற இசையமைப்பாளர்களுக்கு வயலின் பகுதிகளை எழுதிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. சர்ச்சில் படித்த கணக்குதான் சோறு போட்டது. நம் பக்கத்து டைரக்டர் ஒருவர் மெட்டு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, "நீங்க மட்டும் பாடீராதீங்க. நம்மூர்க்காரன் எழவுன்னு நெனச்சு தியேட்டர்ல எந்திரிச்சு நின்னுக்குவான்" என்றாராம். அண்ணன் ஊருக்கே திரும்பிவிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து, ஏதாவது ஓர் ஊரிலிருந்து அந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்கு வரும். செத்துப்போனவர்கள் வீட்டிலிருந்து மகனின் குரல் வந்தால் எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்? பாட்டு காதில் விழுந்ததும் அம்மா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, "சாமீ, எங்கிருக்கற?" என்று கத்துவார். அண்ணன் "ம்ம்" என்ற பிறகுதான் மறுவேலை. அவர் குளித்துக்கொண்டிருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். வருஷக்கணக்கில் இப்படித்தான் ஓடியது.

சென்ற வருஷம் மஞ்சள் காமாலை கண்டு, ஈரல் கெட்டு, அண்ணன் படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள் மத்தியானம் எங்கிருந்தோ பாட்டு வந்தது. அம்மா கூப்பிடுவதற்கு முன்னாலேயே, "அது நானில்லீங்கம்மா, நான் இங்க இருக்கறேன்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாளாகியிருந்தது. பிறகு பாப்பாவைக் கிட்டே கூப்பிட்டார். "உன்னையக் கட்டிக்குடுத்து வண்டி ஏத்தறப்ப அதப் போடச் சொல்லு பாப்பா. ஒரே ஒருக்கா நல்லதுக்குப் பாடிப்போட்டுப் போயர்றேன்" என்றார். பாப்பா அழுதுகொண்டே சரி என்றாள். மார்கழி பிறந்து சில நாளில் அண்ணன் போய்விட்டார்.

அன்றைக்கு மைக்செட் கட்ட வந்தவர் சின்னச்சாமி. பாவம், அவர் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பழக்கம். வழக்கமான கேசட்டைப் போட்டுவிட்டார். வாசலில் மாலையோடு கிடந்த அண்ணன், மரத்தின் மேலிருந்து பாடத் தொடங்கினார். மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுது அழுது மயங்கி உள்ளறையில் கண்ணயர்ந்திருந்த அம்மாவின் காதில் அது விழுந்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில், எப்போதும் போல, ஓங்கிய குரலில், "சாமீ, எங்கிருக்கற?" என்று கூப்பிட்டார்.

முதல் சரணம் முடிந்து புல்லாங்குழல் ஓய்ந்த நேரம். குழாயிலிருந்து "ம்ம்" என்று வந்தது.

அன்று வந்திருந்த நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டீர்கள். சின்னச்சாமி சுவிட்சில் வைத்த கையை இழுத்துக்கொண்டார். உள்ளே அம்மா, "இருக்கறானா, செரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேய் பிசாசு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கேசட்டில் பதிந்த முனகல் அது, நேரம் ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான். அம்மாவிடமும் அதைச் சொன்னேன். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? எல்லாந் தெரியும் போ" என்றார். ஆனால் இப்போது பாட்டு வந்தால் அம்மா அவசரப்படுவதில்லை. முதல் சரணம் முடியும் வரை காத்திருந்து, சரியாக அந்த இடத்தில் கூப்பிடுகிறார். பதில் வருகிறது. ஆடிக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் காற்றில் மெலிதாக வந்த பாட்டு, சரணத்தின் நடுவிலேயே நின்றுபோனது. அந்த ஊரில் கரண்ட் போயிருக்கும். அம்மா அதைக் கவனிக்காமல் கூப்பிட்டார். "ம்ம்" என்று கேட்டது. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா என்னைப் பார்த்தாள். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

அண்ணனின் கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், வேலையை விட்டுவிட்டுக் காரியங்களுக்கு ஓடி வந்த பட்டறைத் தோழர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கல்யாணத்தில் அந்தப் பாட்டுக் கூடாது, அபசகுனம் என்று உறவில் பலர் சொன்னீர்கள். பாட்டு இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று பாப்பா உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா நேரில் வந்து, "எங்கப்பன் போனப்ப எங்கூட்டுலயும் உங்கண்ணன்தானுங்க பாடுனாரு. துக்கத்துக்கு வந்தவரக் கல்யாணத்துக்குக் கூப்பிடாம இருக்கலாமுங்களா?" என்றார். அவருக்கு என் கும்பிடு.

இனி நான் கேட்க வந்தது. தாலி கட்டி, விருந்து முடிந்து, பாப்பா காரில் ஏறும்போது, சின்னச்சாமி அந்தக் கேசட்டைப் போடுவார். யார் செத்தது என்று திரும்பிப் பார்க்காதீர்கள். துண்டை வாயில் வைக்காதீர்கள். பெண்ணை அனுப்புகிற வீட்டில் எப்படி நிற்பீர்களோ அப்படி நின்று, கொஞ்சம் சிரித்து வழியனுப்புங்கள். முதல் சரணம் முடிந்ததும் அம்மா கூப்பிடுவார். அந்த நேரத்தில் மேளக்காரரும் கார்க்காரரும் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளட்டும். அம்மாவின் மேல் இரக்கப்பட்டு உங்களில் யாரும் குரல் கொடுத்துவிட வேண்டாம். அண்ணன் பதில் சொல்வார்.