கதவு திறக்காத திறந்த கார்

1. குறிப்பேட்டில் உள்ளது

"புயல் கழிந்து பத்தாம் நாள், செவ்வாய். மன்னார்குடிக்குக் கிழக்கே, மிராசுதார் வீட்டுக் கார்க் கொட்டகை. புளியமரம் விழுந்து டாப் சீட் மட்டத்துக்கு நசுங்கல். நாலு பில்லரும் மடங்கல். கண்ணாடி முழுதும் தூள். இஞ்சின், கியர்பாக்ஸ் பழுதில்லை. இடது பின் மட்கார்டில் மாட்டுக் கொம்பு கிழித்த ஓட்டை. பழையது, கிளெய்மில் சேராது. டோட்டல் லாஸ். சால்வேஜ் ஓனரிடமே."

1977 நவம்பர் புயலுக்குப் பிறகு நான் வைத்திருந்த குறிப்பேட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. அப்போது தஞ்சாவூரில் மோட்டார் சர்வேயராக இருந்தேன். விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்ட வண்டியைப் பார்த்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவது வேலை. பழுது பார்க்கிற செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று எழுதுவோம். மிச்சமிருக்கும் இரும்புதான் சால்வேஜ்.

அந்த மாதம் நாகப்பட்டினத்திலிருந்து மன்னார்குடி வரை பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடந்தும் போய் வண்டி பார்த்தேன். மரத்தடியில் வண்டி, வாய்க்காலில் வண்டி, நெல் வயலில் மல்லாந்த வண்டி. குறிப்பேடு பையிலேயே நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தது. அதனால் சில பக்கங்களில் மை பரவியிருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பிறகு வரும்.

அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. "ஆர்.சி. புக் ஒப்படைக்கப்பட்டது" என்ற வரி. வண்டி இனி ஓடாது என்று ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவர் ஓனர். எழுதினாரா என்று பார்ப்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன். ஆர்.சி. புக் உயிரோடு இருந்தால் வண்டிக்கும் உயிர் உண்டு. அது யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

2. வாடகைக்குக் கிடைக்காத கார்

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். பழைய காருக்கு முழு இன்சூரன்ஸ் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது, பார்த்து எழுதவும் என்று கம்பெனியிலிருந்து சீட்டு வந்தது. விண்ணப்பித்தவர் பெயர் பக்கிரிசாமி. அரசு பஸ் டிரைவர். முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கி பேண்ட்டை மாற்றாமலே மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தார்.

அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே கார். ஐம்பதுகளில் சீமையில் செய்த நாலு கதவு வண்டி. டாப் இல்லை. கிரீம் கலரும் சிவப்பும் அடித்து, சீட்டுக்கு ரெக்சின் புதிதாகப் போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் இப்படித் திறந்த கார் வேண்டும். மாப்பிள்ளை பின் சீட்டில் மாலையோடு உட்கார, சொந்தக்காரப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிலும் ஏறிக்கொள்ள, நாயனத்துக்குப் பின்னால் கார் நடை வேகத்தில் போகும்.

விற்கிறவர் புரோக்கர் நாகராஜன். நான் கிட்டே போவதற்கு முன்பே சாவியைத் திருகினார்.

"கேட்டீங்களா சார்? வீணை. இந்த சத்தம் இப்ப வர்ற வண்டில உண்டா?"

இஞ்சின் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

"யார் வண்டி இது?" என்றேன்.

பக்கிரிசாமியே தன் ஊர் மிராசுதாரின் பெயரைச் சொன்னார். "அவுங்க வீட்டு பிளஷர் காருங்க. புரோக்கர் சொல்லித்தான் வாங்கவே வந்தேன்."

மிராசுதார் வண்டி என்றதும் எனக்குப் புளியமரம் ஞாபகம் வந்தது. குனிந்து, இடது பின் மட்கார்டைத் தடவினேன். பெயிண்டுக்கு அடியில், விரல் நுனி அளவுக்குப் பற்றவைத்த தழும்பு. முன் கண்ணாடி பிரேம் நேராக இல்லை. கூரையைத் தாங்கும் பில்லர்களை அடியோடு அறுத்து, நுனியை உருட்டி, மேலே பித்தளைப் பட்டை அடித்திருந்தார்கள். நசுங்கிய கூரையை நிமிர்த்துவதற்குப் பதில் வெட்டியெறிந்துவிட்டு, டோட்டல் லாஸ் வண்டியைக் கல்யாணக் கார் ஆக்கியிருந்தார்கள்.

"பக்கிரிசாமி, இந்த வண்டிய நான் முன்னாடியே பார்த்திருக்கேன். புயல்ல மரம் விழுந்து நசுங்கிப் போச்சு. நான்தான் டோட்டல் லாஸ் எழுதினேன்."

நாகராஜன் சிரித்தார். "எழுதினா என்ன சார்? எமன் எழுதினவனே பொழச்சு வர்றான். டாப்புதான போச்சு? டாப்பு வேணாம்னுதான வாங்குறாரு!"

பக்கிரிசாமி சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"சார், தம்பி செல்வராசுக்குக் கல்யாணம். எங்க தெரு மாப்பிள்ளை எவனும் இதுவரைக்கும் பெரிய தெரு வழியா ஊர்வலம் போனதில்ல. நாலு வருசமா கூலித் தகராறு, கொடித் தகராறுன்னு வெட்டுக்குத்து வரைக்கும் போயி, போன மாசந்தான் தாசில்தார் ரெண்டு பக்கத்தையும் உக்கார வெச்சு எழுதிக் கொடுத்துருக்காரு. 'காரில் செல்லலாம், ஒருமுறை, மாலை ஆறு மணிக்குள்'னு. கையெழுத்துப் போட்ட பேப்பர் வெச்சுருக்கேன்."

"அதுக்கு வாடகைக்கு எடுத்தா போதுமே. ஏன் வாங்கணும்?"

"மூணு எடத்துல கேட்டுட்டேன் சார். தேதி சொன்னா 'ஃப்ரீ'ங்கிறான். ஊரு பேரு சொன்னா 'அடடா, புக்காயிடுச்சே'ங்கிறான்."

3. பத்தாயம்

நான் வண்டி கூடாது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். வண்டி தெரியாதவர் இல்லை. தெரிந்ததுதான் தொல்லையாக இருந்தது.

"தாங்குறது சேஸிஸ் சார். பாடி மேல உக்காந்துருக்கு. எங்க டிப்போவுல பாடிய மொத்தமா கழட்டிட்டு வெறும் சேஸிஸ ஓட்டிக்கிட்டுப் போறோம். டாப்ப எடுத்தா என்ன ஆவப் போவுது?"

பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது சரி. அவற்றின் அடியில் தலை முதல் கால் வரை இரண்டு இரும்புச் சட்டம் ஓடும். இந்த மாதிரிக் காருக்கு அது கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கும். திறந்த காராகவே செய்திருந்தால் கம்பெனிக்காரன் அடியில் கனமான பட்டை வைத்திருப்பான். மூடிய காரை வெட்டித் திறந்தால் அது கிடையாது.

"பத்தாயம் பார்த்திருக்கீங்களே, நெல்லு கொட்டி வைக்கிற மரப்பெட்டி? தூண் இல்ல, சட்டம் இல்ல. பலகையப் பலகை பிடிச்சுக்கிட்டு நிக்குது. மேல் பலகைய எடுத்துட்டு நெல்லக் கொட்டினா பக்கம் பிதுங்கும்."

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுல பத்தாயம் ஏது சார்? மிராசு வீட்டுப் பத்தாயத்த எங்கப்பா தூக்கி வெச்சுருக்காரு. காலியா இருக்கையில. ரொம்புனப்பறம் உள்ள விட மாட்டாங்க."

காரைக் கைகாட்டித் தொடர்ந்தார்.

"இந்த பிளஷரும் அப்படித்தான். சேத்துல மாட்டுனப்பெல்லாம் அப்பா தள்ளியிருக்காரு. உள்ள உக்காந்ததில்ல. இதே வண்டியில தம்பி பெரிய தெருவுல மிராசு வாசல தாண்டிப் போவணும்னு வெச்சுருக்கேன். இப்ப நீங்க வேணாங்கிறீங்க. வண்டி வேணாங்கிறீங்களா, நாங்க போறது வேணாங்கிறீங்களா?"

இப்படி ஒருவர் கேட்டால் கோபப்படக் கூடாது. அவரை ஊர் அப்படிக் கேட்க வைத்திருக்கிறது. "வாங்க, வண்டிகிட்டயே கேப்போம்" என்றேன்.

மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரைக் கூப்பிட்டேன். முதலில் வெறும் வண்டியில் நாலு கதவையும் திறந்து மூடிக் காட்டினேன். சுத்தமாக மூடியது. அடிப்பக்கம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, தகரத்துக்கு அரை விரல் கீழாக, பாடியிலேயே ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். பிறகு, "எல்லாரும் ஏறி உட்காருங்க" என்றேன்.

"மாப்பிள்ள யாருண்ணே?" என்றான் ஒருவன்.

"கெழவனப் பின்னாடி உக்கார வெய்யிடா. அவருக்குத்தான் இன்னும் ஆச போவல."

"ஆமாண்டா, ஒங்க அத்தையத்தான் பொண்ணு கேட்டுருக்கேன்!"

நாலு பேர் ஏறியதும் நூலுக்கும் தகரத்துக்கும் இருந்த இடைவெளி போய்விட்டது. ஆறாவது ஆள் ஏறியதும் நூல் வளைந்தது. "பக்கிரிசாமி, பின் கதவத் திறங்க" என்றேன்.

அவர் கைப்பிடியைத் திருகி இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். வண்டி நடுவில் தொய்ந்து, கதவின் மேல் ஓரத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவன் தோளால் முட்டினான். எங்கோ அடியில் தகரம் 'டக்' என்றது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் வெளியே குதித்தார்கள்.

நாகராஜன் விடவில்லை. "கல்யாணத்தன்னிக்கு நடு ரோட்டுல கதவ யாரு சார் தொறக்கப் போறா? எகிறிக் குதிச்சுப் போவ வேண்டியதுதான!"

பக்கிரிசாமி கைப்பிடியை விட்டுவிட்டு, என் நூலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பன்னெண்டு புள்ளைங்க ஏறுனா?"

"தரை கிழியும். பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் இடிக்கும். வண்டி அங்கேயே நிக்கும்."

"அங்கேயேன்னா... அவுங்க வாசல்ல."

"எந்த வாசல்னு சொல்ல முடியாது."

"இல்ல சார். எனக்குத் தெரியும். அங்கதான் நிக்கும்." அவர் கண் கலங்கியிருந்தது. "நின்னா சிரிப்பாங்க. சிரிச்சா எங்க பசங்க சும்மா இருக்க மாட்டானுவ. பேப்பரு கிழிஞ்சுரும். அடுத்த மாப்பிள்ளைக்கு இன்னும் இருவது வருசம்."

புரோக்கரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

4. ஒரு வரி

'வேண்டாம்' என்று எழுதுவதோடு என் வேலை முடிந்தது. ஆனால் பஸ்ஸில் தஞ்சாவூர் திரும்பும்போது, அவர் இனி எதில் போவார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. கொட்டகையில் சொல்லாமல் விட்டது ஒன்று எனக்குத் தெரியும். புயல் வருடத்தில் அந்த ஆர்.சி. புக்கை நான் வாங்கி அனுப்பியிருந்தால், அவர் இந்த வண்டியை நம்பியிருக்கவே மாட்டார்.

வழியை அவரே கண்டுபிடித்தார். நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்தார்.

"சேஸிஸ் உள்ள வண்டி, டாப்பு இல்லாமலே பொறந்த வண்டி. ஜீப்பு சார்!"

ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரிடம் தேர்தல் பிரசாரத்துக்கு ஓடும் ஜீப் ஒன்று இருந்தது. கான்வாஸைச் சுருட்டினால் திறந்த வண்டி. பக்கிரிசாமி போய்க் கேட்டிருக்கிறார். செயலாளர் இரண்டு தெருவிலும் ஓட்டு வாங்குகிறவர். "எடுத்துக்கப்பா, கொடிய மட்டும் கழட்டாத. கொடி இருந்தா கல்லு விழாது" என்றாராம். "கொடி இருந்தா அது ஒங்க ஊர்வலங்க. எங்களுது இல்ல" என்று இவர் சொல்ல, அரை நாள் பேசி, கொடி இல்லாமல் வாங்கியிருக்கிறார்.

"அப்புறம் என்ன?" என்றேன்.

"தாலுகா ஆபீஸ் கிளார்க்கு முட்டுக்கட்டை போடுறாரு சார். 'பேப்பர்ல கார்னுதான இருக்கு, ஜீப்னு இல்லியே'ங்கிறாரு. மிராசு பக்கத்துலேர்ந்து சொல்லிக் கொடுத்துருக்காங்க."

இதற்கு என்னிடம் மருந்து இருந்தது. ஜீப்பின் ஆர்.சி. புக்கை வாங்கிவரச் சொன்னேன். வண்டியின் வகை என்ற இடத்தில் மோட்டார் கார் என்றே இருந்தது. சட்டத்தின் கண்ணில் ஜீப்பும் கார்தான். என் லெட்டர்ஹெட்டில் எழுதினேன்: "மேற்படி ஜீப் வாகனம் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் கார் எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது." ஒரே வரி. கையெழுத்து, முத்திரை. கிளார்க் அதை இரண்டு முறை படித்துவிட்டு ஃபைலில் கோத்துக்கொண்டாராம்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தம்பி செல்வராசு பின்னால் நின்றுகொண்டு வந்தான். ஜீப்பின் மேல் எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள் என்று எண்ண முயன்று, பதினான்கில் விட்டுவிட்டேன். ஓட்டியது பக்கிரிசாமி. மிராசுதார் வீட்டு வாசலில் வண்டி நின்றது. என் மூச்சும் நின்றது. பக்கிரிசாமிதான் வேண்டுமென்றே நிறுத்தியிருந்தார். இறங்கிப் போய், நாயனக்காரர்களுக்குப் பின்னால் நடந்துவந்த தன் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முன் சீட்டில் உட்கார வைத்தார். கிழவர் செருப்பைக் கழற்றப் போனார். "போட்டுக்கிட்டே ஏறுங்கப்பா" என்று பக்கிரிசாமி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஊர்வலம் தெருவைத் தாண்டியது.

5. சரிபார்க்காதது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டு எழுந்து வராதீர்கள். ஆர்.சி. புக் கைக்கு வரும்வரை அங்கேயே உட்காருங்கள். பழைய சீமைக் கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: இஞ்சின் சத்தத்தைக் கேட்காதீர்கள். ஆட்களை ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள்.

கொட்டகையில் பார்த்த காரை ரோட்டில் விடக் கூடாது என்று ஆர்.டி.ஓ.வுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

பக்கிரிசாமி ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் வந்தார். "சார், அது நெசமாவே மிராசு வண்டிதானா? அப்பா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. 'நான் தள்ளுன வண்டியாடா அது'ன்னு."

குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தின் மூலையில் எழுதியிருந்த சேஸிஸ் நம்பரில் (சட்டம் இல்லாத காருக்கும் அந்த எண்ணுக்கு அதுதான் பெயர்) கடைசிக்கு முந்தைய இலக்கத்தில் மை பரவியிருக்கிறது. 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். கொட்டகைக் காரின் தகட்டில், ஆர்.டி.ஓ.வுக்கு எழுத நான் குறித்துக்கொண்டபோது, இருந்தது 8. மற்றபடி புரோக்கரின் வாய்ச்சொல் இருக்கிறது. மட்கார்டில் கொம்புத் தழும்பு இருக்கிறது.

"மாடு முட்டாத கார் நம்ம பக்கத்துல ஏது சார்?" என்றார் பக்கிரிசாமி.

அன்று அவரிடம் அவ்வளவு உறுதியாக "நான்தான் எழுதினேன்" என்று சொன்னவன் நான். அந்த இலக்கம் மூன்றா எட்டா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.