மாமி நேர்ந்த பொங்கல் அரிசி

அந்த நோய்க்காலத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீடு வாவிக்கரையில். அப்பா வலை போட்டு இறால் பிடிப்பார். கொழும்பு லொறி வந்து ஏற்றிப்போகும். அங்கே ஹோட்டல்களைப் பூட்டினார்கள், லொறி நின்றது. ஊரில் எல்லார் வலையிலும் இறால், வாங்கத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டில் அரிசி முடிந்து இரண்டு நாள். மரவள்ளிக்கிழங்கு ஒத்துக்கொள்ளாமல் தம்பிக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

நாடு முழுக்க ஒரே நோய், ஒரே ஊரடங்கு. ஆனாலும் அப்பா பிறந்த ஊரான கரடியனாற்றில் அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு நெல் கிடந்தது. மீன்காரர்தான் அந்தப் பக்கம் போகவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அங்கேதான் இருந்தார். இறாலைக் கொடுத்து அரிசி மாற்றி வருவதென்று அப்பா முடிவெடுத்தார். கலியாணம் முடித்து அம்மாவின் ஊருக்கு வந்தபின் பிறந்த வீட்டில் ஒரு தேங்காய்கூடச் சும்மா வாங்காதவர் அவர்.

ஊரடங்கு பகல் இரண்டு மணிவரை தளர்ந்த நாளில் மோட்டார் சைக்கிளில் இறால் பெட்டியைக் கட்டி என்னையும் ஏற்றினார். பிள்ளை கூட இருந்தால் பொலிஸ் கனக்கக் கேட்காதாம். இரண்டு இடத்தில் மறித்தார்கள். நிற்கும்போதெல்லாம் பெட்டியின் ஐஸ் உருகி என் காலில் வழிந்தது. எங்கள் ஊர்க் கோயில் கண்ணகை அம்மாளைக் கும்பிட்டபடியே இருந்தேன்.

மாமியின் தெருமுனையில் குறுக்கே கயிறு, அதில் வேப்பங்குழை. சத்தம் கேட்டு ஓடிவந்த மாமி கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"தம்பி, பெட்டியோட உள்ள வராத. நோய் வரக்கூடாதெண்டு அம்மாளுக்கு நேந்து ஊரே மீன் மச்சம் தின்னாம விட்டிருக்கு."

"விடியப் பிடிச்ச றால் அக்கா. ஐஸ் கரையுது."

"தோணிக்காரனானதும் அம்மாள்ர முறையெல்லாம் மறந்து போச்சோ?"

அப்பா வண்டியைத் திருப்பினார். மாமி என்னைப் பார்த்தார்.

"வீட்ட அரிசி இருக்கா மகள்?"

"முந்தாநாளே முடிஞ்சு மாமி."

அப்பா முறைத்த முறைப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமி உள்ளே போய் அரை மூட்டை அரிசியை இழுத்து வந்து கயிற்றடியில் வைத்தார்.

"இது ஒனக்கில்ல. ஒங்கட ஊர் அம்மாளுக்கு நான் நேந்த பொங்கல் அரிசி. கோயில் திறக்கிறவரைக்கும் வெச்சிரு. மாட்டனெண்டா அம்மாளுக்கிட்டச் சொல்லு."

அப்பாவால் மறுக்க முடியவில்லை. திரும்பும் வழியில் பாலத்தடியில் நிறுத்தி, மணக்கத் தொடங்கிய இறாலை ஆற்றில் கொட்டினார். இரண்டு மணிக்குச் சற்று முன் வீடு சேர்ந்தோம்.

அன்று பொழுதுபடவே அம்மா அந்த அரிசியில் உலை வைத்தார். நான் பானையைப் பிடித்து அழுதேன். அம்மாளின் அரிசியைத் தின்றால் நோய் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்று நடுங்கினேன். தம்பி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். நான் அன்றைக்குப் பட்டினி. அப்பா கடைசியாக உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்.

மாதங்கள் கழிந்து கோயில் திறந்தபோது மாமி வந்தார். எல்லாரும் இருக்கையில் நான் முறையிட்டேன்.

"மாமி, உங்கட நேத்தி அரிசிய இவங்க திண்டு முடிச்சிட்டாங்க."

மாமி என் கன்னத்தைத் தடவினார். "அது அம்மாளுக்கு எப்பவோ போய்ச் சேந்திட்டு மகள்" என்று சிரித்தார்.

அப்பா சட்டென்று எழுந்து வாவிப்பக்கம் போய், எங்களுக்கு முதுகு காட்டி வெகுநேரம் நின்றார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. சாமிக்குற்றம் செய்துவிட்டுப் பயந்து அழுகிறார் என்றுதான் அன்று நான் நினைத்தேன். அவருக்காக அம்மாளிடம் மன்னிப்பும் கேட்டேன்.