கட்டுரையில் இருந்த ஒரே பெயர்

“தரவுகள் நிறைய இருக்கின்றன தோழர். ஆனால் கட்டுரையில் உங்களைக் காணோம்” என்று அந்த இணைய இதழின் ஆசிரியர் எழுதியிருந்தார். நான்காவது முறையாகத் திரும்பி வந்த கட்டுரைக்கு இது நான்காவது காரணம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. ஆதாரில் விலாசம் மாற்ற வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்க, அதைப் படித்தேன். என்னைக் காணோமாம். காணாமல் போனது நான் இல்லையம்மா, பாதை என்று பதில் தட்டினேன். பிறகு அனுப்பாமல் அழித்துவிட்டு, வரிசையில் முதலில் நின்றவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்தார், பாவம்.

விஷயம் ரொம்பச் சின்னது. எங்கள் காலனியிலிருந்து ஏரிக்கரை ஓரத்தில் இருக்கும் எங்கள் சுடுகாட்டுக்கு ஒரு பாதை இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது. புல வரைபடத்தில் இரண்டு கோடு போட்டு, நடுவில் பன்னிரண்டடி அகலம் காட்டியிருக்கிறார்கள். தரையில் இறங்கிப் பார்த்தால் ஒரு அடி அகல வரப்பு. எதிரில் நாய் வந்தால் ஒன்று நாய் வயலில் இறங்க வேண்டும், இல்லையென்றால் நாம் இறங்க வேண்டும். பாடை தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் பயிரில் கால் வைத்துத்தான் போயாக வேண்டும். வைத்தால் பயிர் போச்சு என்று நிலத்துக்காரர்கள் சத்தம் போடுவார்கள். பிணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் சாவதற்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் பயம். உடம்பு முடியாதவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், “தை வரிக்கும் தாங்கிடுவாரு” என்று பேசிக்கொண்டு வருவார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிடும் என்பது கணக்கு. சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். ஆனால் என் நைனாவை, அதாவது அப்பாவை, பார்க்க வந்தவர்களும் ஒரு நாள் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்து ஒரு வருஷமாகியிருந்தது. பத்தடி நடந்தால் ஏதாவது ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என் நைனாவை நான் அந்தச் சேற்றில் அனுப்ப மாட்டேன் என்று முடிவு பண்ணித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதினால் பாதை வந்துவிடும் என்று நம்பினாயா என்று கேட்டால், நம்பினேன். எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

சும்மாவும் எழுதவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தினமும் பட்டா எடுத்துத் தருகிறவள் நான். புல வரைபடத்தை எடுத்தேன். நிலப் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பம் போட்டு, அலைந்து, அந்த சர்வே எண்ணுக்கு எதிரே ‘பாதை’ என்று எழுதியிருக்கும் பக்கத்தை வாங்கினேன். எந்த வருஷத்திலிருந்து பாதையில் பயிர் வைக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அப்படி ஒரு பதிவு இல்லை என்று முத்திரை குத்திப் பதில் வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு நானே போய் அளந்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, வெயிலில் இது என்ன பைத்தியம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்து ஊர்களில் இப்படிப் பாதை தொலைத்தவர்களையும் பார்த்துப் பேசினேன். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, சட்டம் என்ன சொல்கிறது, நடப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பினேன்.

முதல் பதில், ஒவ்வொரு தகவலுக்கும் இணைய இணைப்பு வேண்டும் என்பது. பதிவேட்டுப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஸ்கேன் வேண்டாம், வாசகர்கள் தொட்டதும் திறக்கிற மாதிரி வேண்டும் என்றார்கள். இரண்டாவது, இதை வேறு ஊடகம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது. எழுதியிருந்தால் நான் ஏனம்மா எழுதுகிறேன்? மூன்றாவது, நடை கொஞ்சம் வறட்சியாக இருக்கிறது. நான்காவதுதான் என்னைக் காணோம்.

நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அதே இதழில் தண்ணீர்க் கொள்கை பற்றி எழுதுகிறவரிடம் உங்கள் வீட்டுக் குழாயைக் காணோமே என்று யாரும் கேட்பதில்லை. அவர் எழுதினால் ஆய்வு. நான் எழுதினால் அனுபவம் வேண்டும், வலி வேண்டும், முடிந்தால் ஒரு துளி கண்ணீர் வேண்டும். கேட்டதைக் கொடுத்துத் தொலைப்போம் என்று, நைனாவின் மூச்சிளைப்பையும், என் பெரியப்பாவின் பாடையை மழையில் தூக்கிப்போனதையும் ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. நெகிழ்ந்துவிட்டாராம். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கியாம். எதிர்த்தரப்பின் கருத்தையும் கேட்டு எழுதிவிட வேண்டுமாம்.

எதிர்த்தரப்பு என்பது ஊருக்குள் இருக்கும் பெரிய வீடு. பாதையை ஒட்டின நிலம் முழுக்க அவர்களுடையது. நைனா அங்கேதான் பல வருஷம் டிராக்டர் ஓட்டினார். போனேன். மரியாதையாகத்தான் பேசினார் அந்த வீட்டுப் பெரியவர். வாசலில் நாற்காலி கொண்டுவந்து போடச் சொன்னார். நான் நோட்டைத் திறந்து கேள்வியை வாசித்தேன். அவர் சிரித்தார்.

“நான் ஏர் புடிச்சதும் இல்ல, டிராக்டர் மேல ஏறனதும் இல்லம்மா. பாதைய யாரு ஓட்டனாங்கன்னு உங்க நைனாவப் போய்க் கேளு.”

நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சல். அந்த நிலத்தை உழுதவர் யார் என்று எனக்குத் தெரியாதா? பாதை போனது அந்த நிலத்துக்குள்தான் என்றும் தெரியும். இரண்டையும் ஒரு நாளும் சேர்த்து யோசிக்கவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பதிவு இல்லை என்று முத்திரை வாங்கிவந்தவள், வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்கவில்லை. பெரிய ஆராய்ச்சி!

நைனா சாயந்திரம் மருந்தை உறிஞ்சிவிட்டு, வெளியே நாற்காலியில் சாய்ந்திருந்தார். கேட்டேன்.

“ஒரு சால் உள்ள தள்ளி ஓட்டுன்னாரு, ஓட்டனேன்” என்றார். “மறு வருசம் இன்னொரு சால். அப்டியே பூட்ச்சி. நான் மாட்டேன்னா அடுத்த நாளு வேற ஒருத்தன் வண்டி மேல குந்தினு இருப்பான். இருந்தாலும் ஓட்டனது நான்தான.”

பிறகு அவராகவே பெரியப்பா சாவைப் பற்றிச் சொன்னார். பாடையின் முன்பக்கம் இவர் தோளில் இருந்ததாம். பாதி வழியில் முழங்கால் வரைக்கும் சேற்றில் புதைந்து, பாடை சாய்ந்து, பின்னால் வந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்களாம். மறுநாள் காலனியில் எல்லோரும் உட்கார்ந்து பெரிய வீட்டைத் திட்டினபோது இவரும் கூட உட்கார்ந்து தலையாட்டினாராம். முப்பது வருஷம் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது உண்மை. அவர் இருமியதும் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று உறைத்தது. எந்த அலுவலகத்திலும் இல்லாத பதிவு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை உழவுச் சால் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள். பெயர் போடாமல், உழுத தொழிலாளி ஒருவர் என்று மட்டும் எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன்.

இதுதான் கட்டுரையே என்று குதித்தார். இதை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள், மற்றதையெல்லாம் சுருக்கிவிடலாம் என்றார். சுருக்கப்பட்டவை பதிவேடும், வரைபடமும், சட்டமும். கூடவே இரண்டு விதிகள். பெயர் இல்லாத சாட்சியை இதழ் ஏற்பதில்லை, அதனால் நைனாவின் பெயர் வேண்டும். நிலத்துக்காரர் மறுத்திருக்கிறார், தீர்ப்பு ஏதும் இல்லாமல் அவர் பெயரைப் போட்டால் வழக்கு வரும், அதனால் அவர் பெயர் கூடாது. அந்த ஒரு முறைதான் போனில் பேசினேன். உழச் சொன்னவருக்குப் பெயர் இல்லை, உழுதவருக்கு மட்டும் பெயரா என்று கத்தினேன். கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் கோபப்படவே இல்லை. புரிகிறது தோழர், புரிகிறது தோழர் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று வீட்டில் வந்து சொன்னேன். நைனா கேட்டார், அதில் என்னைப் பற்றிப் பொய்யாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. இல்லை என்றேன்.

“அப்பறம் இன்னா. பேர போடு.”

ஒரு புதன்கிழமை வெளியானது. நான் வைத்திருந்த தலைப்பு மயானப் பாதையும் நிலப் பதிவேடும். அவர்கள் வைத்தது ‘பாதையைத் தின்ற டிராக்டர்’. படத்தில் பச்சைப் பசேலென்று ஒரு வயல், பின்னால் வரிசையாகத் தென்னை மரம், அதற்கும் பின்னால் மலை. எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது? கீழே சிறப்பு தோழர், கண்ணீர் வந்தது தோழர் என்று நிறைய இருந்தது. ஒருவர் மட்டும், தன் சாதிக்கே துரோகம் செய்துவிட்டு யாரைக் குறை சொல்வது என்று கேட்டிருந்தார். ஒரு புல வரைபடத்தைக்கூடத் திறந்து பார்க்காதவருக்கு என் நைனாவின் பெயர் நன்றாக நினைவிருந்தது. பத்து நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். வரப்பு அதே ஒரு அடியில்தான் இருந்தது.

புரட்டாசியில் நாற்று விட ஆரம்பித்திருந்தார்கள். கிராம உதவியாளர், நாங்கள் தலையாரி என்போம், ஒரு நாள் காலையில் வீட்டுக்கே வந்தார். கட்டுரையை எங்கேயோ மேலே ஓர் அதிகாரி படித்துவிட்டாராம், உடனே நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டாராம். எனக்கு ஒரு நொடி சந்தோஷம் தாங்கவில்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு நோட்டீஸை வாங்கிப் பிரித்தேன்.

நைனாவின் பெயரில் வந்திருந்தது. இன்ன சர்வே எண்ணில் உள்ள அரசு பாதைப் புறம்போக்கை மேற்படி நபர் உழுது ஆக்கிரமித்ததாகத் தெரியவருவதால், ஏன் அகற்றக் கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும். தலையாரி தலையைச் சொறிந்தார். கட்டுரையில் வேறு பேர் எதுவும் இல்லையே, ஆபீசில் அவர்கள் என்ன பண்ணுவார்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

நான் பட்ட ஆத்திரத்தை எப்படிச் சொல்ல. என் நைனாவின் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அங்கேயே நின்றுகொண்டு ஆசிரியருக்கு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில்: “அதிர்ச்சியாக இருக்கிறது தோழர். இதை வைத்து இன்னொரு கட்டுரை எழுத முடியுமா?” போனை அரிசி டப்பாவின் மேல் வீசினேன். அம்மா எடுத்துத் துடைத்து வைத்தாள்.

மறுப்பு எழுதத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, இவர் கூலிக்கு ஓட்டினவர், பயிர் வைப்பவர் இன்னார் என்று எல்லாம் மளமளவென்று எழுதினேன். நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி நோட்டீஸை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சர்வே எண்ணையும் பெயரையும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். காதில் விழவில்லை என்று நினைத்துச் சத்தமாக வாசித்தேன்.

“என் பேர்லயா கீது?” என்றார்.

ஆமாம் என்றேன். அதனால்தான் மறுக்கிறோம் என்றேன்.

“மறுக்காத” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி, மறுபடி சொன்னார். “என் பேர்ல கீதுன்னா நானே வுட்டுடலாம் இல்ல? வந்து அளந்து வாங்கிக்க சொல்லு. எங்கேந்து எது வரிக்கும்னு நான் காட்றேன்.”

இது சட்டப்படி நிற்காது, இப்படி எழுதிக் கொடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. கடைசியில் முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அழுதுகொண்டே, அவர் சொன்னதை எழுதினேன். பாதையை உழுதது நான்தான். திருப்பி ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன். அளக்க வரும்போது நேரில் நின்று காட்டுகிறேன். மழைக்கு முன்னால் வந்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். கடைசி வரியை அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன்.