மாமா எழுந்ததும் உயர்ந்த நிலம்

அறுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான புதிதில், கப்பலில் இன்ஜினீயராக இருந்த என் கணவர் விடுமுறைக்கு எங்கள் ஊரான கல்லலுக்கு வந்தார். சுவீடனில் எடுத்த ஒரு போட்டோவைக் கொண்டுவந்திருந்தார். புல்வெளி நடுவே ஒரு கல்சுவர், அதில் படகு கட்டும் இரும்பு வளையம், பக்கத்தில் மேயும் மாடு.

அவருடைய தாய்மாமா சாப்பிட்டுவிட்டு, எனக்குச் சீர்வரிசையாக வந்த மெத்தையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். நல்ல கனத்த உடம்பு அவருக்கு.

“படகு கட்டுன இடம்ங்கிற. கடல் எங்கிட்டுப் போச்சு மாப்ள?”

“கடல் போகலை மாமா, தரைதான் மேல வந்துருச்சு. ஒரு காலத்துல மலையளவு ஐஸ் கிடந்து அமுக்கிருந்துச்சு. அது உருகிப் போனதுலருந்து தரை எந்திரிச்சுக்கிட்டே இருக்கு.”

“ஐஸ் உருகுனா தண்ணிதான கூடும்?”

“தண்ணியும் கூடுச்சு. அங்க தரை அதைவிட ஏறிருச்சு.”

“கப்பல்ல போனவன் என்னமும் சொல்லலாம்” என்றார் மாமா.

கணவரின் முகம் வாடியது. அதுவரை மாமா முன்னால் வாய் திறக்காத நான், “கொஞ்சம் எந்திரிங்க மாமா” என்றேன்.

எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் இலவம்பஞ்சு மெல்ல மேலே வந்தது. சுற்றிலும் பிதுங்கி நின்ற பகுதி தணிந்தது. மாமா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப, அங்க சுத்தி இருக்க ஊருக?”

“அதுக இறங்குது மாமா” என்றார் கணவர். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் தன் ஊரான ஒக்கூர் முழுக்க மாமா சொல்லியிருக்கிறார்: “எங்க மாப்ள பொண்டாட்டி என்னைய எந்திரிக்கச் சொல்லிச் சுவீடனக் காட்டிருச்சு.”