மேகம் மேய்த்த ராட்சசன் கதையை அத்தை முடித்த விதம்

விதை உடைக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் குழந்தைகள் சும்மா உட்காரக் கூடாது. சும்மா இருக்கும் வாய் மெல்லும் என்பது என் அத்தையின் கணக்கு. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர். ஆடியில் விதைக்க வேண்டிய மல்லாட்டையை வைகாசிக் கடைசியில் சாக்கிலிருந்து கூடத்து சிமெண்டுத் தரையில் கொட்டிவிடுவார்கள். மெஷினில் கொடுத்தால் பருப்பு பிளந்துவிடும், தோல் உரிந்துவிடும், அப்புறம் அது முளைக்காது. அதனால் விதைக்கு வேண்டியதை மட்டும் கையால் உடைக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து, காயின் மூக்கை விரலால் அழுத்தினால் பட்டென்று திறக்கும். உள்ளே ரோஜா நிறத்தில் பருப்பு. எந்தக் குழந்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடாமல் இருக்கும்? ஆகவே அத்தை கதை சொல்வாள், நாங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "உம்" கொட்ட வேண்டும். மென்றுகொண்டிருப்பவர்களின் உம் கொஞ்சம் தாமதித்து, கனத்து வரும். அத்தையின் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும். கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, யார் என்று கேட்காமல், திருடியவர் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பாள். விழுங்கியது விழுங்கியபடி நெஞ்சில் நின்றுவிடும்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கணவர் இறந்த பிறகு ஒரே மகனோடு திருவண்ணாமலைக்குப் போய், செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். மகன் வளர்ந்து ஆட்டோ ஓட்டினார். விதை உடைக்கும் நாட்கள் வந்தால் லீவு சொல்லிவிட்டு எங்கள் ஊருக்கு வந்துவிடுவாள். அவள் கதைகளில் வரும் அரண்மனைகளில் எல்லாம் சுடுதண்ணீர்க் குழாய் இருக்கும், பால்கனி இருக்கும், வெள்ளைப் படுக்கை விரிப்பை இளவரசி கால் துடைக்கப் பயன்படுத்தி அழுக்காக்குவாள். அந்த இளவரசிக்குக் கடைசியில் கட்டாயம் தண்டனை உண்டு. ராட்சசர்களும் பூதங்களும் வசிப்பது எங்கள் வீட்டுக்கு மேற்கே தெரியும் மலையில்தான் என்று நாங்கள் நினைத்தோம். அத்தை அதற்கு ஒப்புக்கொள்ளவே மாட்டாள். அது சாமி, அதில் ராட்சசன் குடியிருக்க முடியாது, அதற்குப் பின்னால் வேறொரு மலை இருக்கிறது, இங்கிருந்து பார்த்தால் தெரியாது என்பாள்.

கதை முடிந்ததும் "இதுல இன்னா தெரியுது?" என்று கேட்பாள். பேராசை கூடாது, பெரியவர்கள் சொல் கேட்க வேண்டும், பொய் சொன்னால் நாக்கில் தேள் முளைக்கும் என்று நாங்கள் கூவுவோம். எழுத்துக் கூட்டி வாசிக்க எங்கள் குடும்பத்தில் முதலில் கற்றவள் நான். பள்ளிப் புத்தகத்திலும் கதைக்குக் கீழே தடித்த எழுத்தில் நீதி போட்டிருந்ததைப் பார்த்தபோது, அச்சடித்தவர்களுக்கும் அத்தைக்கும் ஏதோ பழக்கம் இருக்கிறது என்றே நம்பினேன். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒன்று கவனித்தேன். அத்தைக்கும் என் அம்மாவுக்கும் காலையில் குழம்பில் புளி ஜாஸ்தி என்று வாக்குவாதம் வந்தால், மதியக் கதையில் வாயாடி மருமகள் ஒருத்தி தவளையாகிவிடுவாள். அப்பா குடித்துவிட்டு வந்த மறுநாள், மது குடித்த ராஜா தன் கிரீடத்தைக் கழுதைக்கு விற்றுவிடுவான். அத்தையின் நீதிகளுக்கு எப்போதும் ஒரு விலாசம் இருந்தது. அதற்குரியவர் அதே கூடத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மேகம் மேய்க்கும் ராட்சசன் கதை. மழையே பெய்யாத ஊர் ஒன்று. அந்த ஊர்க் குடியானவன் ஒருவன் மலைக்குப் பின்னால் இருக்கும் மலையில் ஏறிப் பார்க்கிறான். அங்கே ஒரு ராட்சசன், ஆடு மேய்ப்பதுபோல மேகங்களை மேய்த்துக்கொண்டிருக்கிறான். கறுப்பு மேகம், வெள்ளை மேகம், இன்னும் நடக்கத் தெரியாத குட்டி மேகம். எங்கள் ஊருக்கும் கொஞ்சம் ஓட்டிவிடு என்று குடியானவன் கெஞ்ச, உன் மகள் வளர்ந்ததும் எனக்குச் சோறாக்க அனுப்பு, மேகம் ஓட்டுகிறேன் என்கிறான் ராட்சசன். குடியானவன் வாக்குக் கொடுத்துவிடுகிறான். மழை பெய்கிறது. பெண் வளர்கிறாள். ஒரு நாள் மேகமெல்லாம் வந்து வாசலில் நிற்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் மலையேறிப் போகிறாள். முதல் கவளம் அவள் பரிமாறியதும் சாபம் நீங்கி ராட்சசன் ராஜகுமாரனாகிறான். அப்பன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பெண்ணுக்கு ராணி வாழ்வு. சின்ன வயதில் அந்தக் குட்டி மேகத்துக்காகவே இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதன் விலாசம் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் பிறந்த மறுநாள் அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கையில் வாங்கி, இவள் என் பையனுக்கு என்று சொன்னாளாம். உனக்கில்லாமல் வேறு யாருக்கு என்றாராம் அப்பா. எங்கள் பக்கம் அத்தை மகனுக்குப் பெண் கொடுப்பது சாதாரண வழக்கம். அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை, மறக்கவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நான் எங்கள் பள்ளியிலேயே முதலாவதாக வந்து, திருவண்ணாமலைக் கல்லூரியில் இடமும் கிடைத்த அந்த வைகாசியில், அத்தை விதை உடைக்க வந்தபோது ஒரு முடிவோடு வந்திருந்தாள். ஆவணியில் கல்யாணம். படித்தவரைக்கும் போதும், கைநாட்டுக் குடும்பத்தில் பன்னிரண்டாவதே ஜாஸ்தி என்று அம்மாவிடம் சொன்னாள். அக்காவுக்குச் சொன்ன சொல்லை மாற்றிப் பேச அப்பாவுக்கு வாய் வராது. எனக்காகப் பேசவும் அவரைத் தவிர ஆளில்லை. கல்லூரியில் சேர அந்த வாரம் கடைசி.

அன்று மதியம் கூடம் நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள், அவர்கள் பிள்ளைகள், அப்பா, அம்மா, நான். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு மேகம் மேய்க்கும் ராட்சசனை எடுத்தாள். உம் கொட்டுவது எப்போதும்போல என் வேலை. மலை ஏறியதற்கு உம் சொன்னேன். மழை பெய்ததற்கு உம் சொன்னேன். பெண் வளர்ந்ததற்கும் சொன்னேன். "அப்பன் குடுத்த வாக்காச்சேனு, அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசாம கெளம்பிட்டா" என்று சொல்லி அத்தை நிறுத்தினாள். நான் காயை உடைத்து, பருப்பை முறத்தில் போட்டு, அடுத்த காயை எடுத்தேன்.

"இன்னாடி, உம்மக் காணோம்? வாயில பருப்பு போட்டுக்கினியா?" என்றாள் அத்தை. பெண்கள் சிரித்தார்கள்.

"வாயில ஒண்ணும் இல்ல அத்தை. அந்தப் பொண்ண யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கதையில அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேட்டாதான் உம் சொல்லுவேன்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் உன் பெண் ராட்சசனையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பாள் போலிருக்கிறது என்று கேலி செய்தாள். பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் உம் கொட்டுங்கள், கதை போகட்டும் என்றாள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், அத்தை முகத்தைப் பார்த்தார்கள். கதையைவிடச் சுவாரசியமான ஒன்று நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. விதை உடைக்கும்போது கதையைப் பாதியில் விட்டால் விதையும் பாதிதான் முளைக்கும் என்பது அத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த நம்பிக்கை. அதை நம்பியவர்களில் முதல் ஆள் அவள்தான். எழுந்துபோகவும் முடியாமல், மேலே சொல்லவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா கையிலிருந்த காய்களைக் கீழே போட்டார். என்னைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, வாக்குக் குடுத்தவன்தான் கேக்கணும். நானே கேக்குறேன். ஏம்மா, போறியா?"

என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் பெரிய கேள்வி அது. அதற்குப் பிறகு எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன், எத்தனையோ நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு தெளிவாக எதற்கும் பதில் சொன்னதில்லை.

"போகலப்பா. படிக்கணும்."

அத்தை கோபப்பட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கதைக்குள்ளேயே நின்றாள். "அப்ப ஊருக்கு மழை? இத்தினி வருசம் பேஞ்ச மழைக்கு இன்னா பதில்? அப்பன் வாக்குக்கு மருவாதை இல்லையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இன்று யோசித்தாலும் அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருவர் கொடுத்த சொல்லை நம்பி இன்னொருவர் பல வருடம் காத்திருக்கிறார் என்றால், மாட்டேன் என்ற ஒரு வார்த்தையோடு அது தீர்ந்துவிடாது. எனக்கு அன்று பதினெட்டு வயது. கைவசம் இருந்தது அவள் கொடுத்த கதைதான். அதையே எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணே மலை ஏறினா அத்தை. ராட்சசன் எதிர நின்னு, எங்கப்பா குடுத்த வாக்குக்கு நான் பதில் சொல்ல வந்திருக்கேன்னா. உனக்குச் சோறாக்க மாட்டேன், ஆனா மேகம் மேய்க்கக் கத்துக் குடு, கத்துக்கினு உனக்கும் ஒத்தாசையா மேய்க்கிறேன், எங்க ஊரு மேகத்தையும் நானே ஓட்டிக்கினு போறேன்னா."

நிறுத்தினேன். அத்தை ஒரு காயை உடைத்தாள். இன்னொன்றையும் உடைத்தாள். பிறகு தலை நிமிராமல், எங்களுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும், "உம்" என்றாள்.

மீதிக் கதையை நான் சொன்னேன். குட்டி மேகம் அவள் பின்னாலேயே ஊர்வரைக்கும் நடந்து வந்தது என்று முடித்தேன். இதில் என்ன தெரிகிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு அத்தை கிளம்பிவிட்டாள். வருடாவருடம் அம்மா கட்டிக்கொடுக்கும் மல்லாட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. மறு வருடம் விதை உடைக்க வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. விதை எப்போதும்போல முளைத்தது. அவள் மகனுக்குப் போளூர் பக்கத்தில் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனோம், முன் வரிசையில் உட்கார வைத்தாள், என்னிடம் பேசவில்லை. நான் பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, திருவண்ணாமலையிலேயே ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தேன். எங்கள் வம்சத்தில் ஒருத்தி கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறாள் என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அதில் எனக்கும் பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை.

என் வகுப்பில் கதைக்குக் கீழே இருக்கும் நீதியை நான் வாசிப்பதில்லை. கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பிள்ளைகளையே கேட்பேன். பூதங்களும் பேசும் கிளிகளும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுக்கும் என்று பயப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஓர் இடம் கிடைத்தது ஒரு ராட்சசன் கதைக்குள்தான். நேராகச் சொல்லியிருந்தால் அது அவமரியாதையாகியிருக்கும், வீடு இரண்டாகியிருக்கும்.

இந்த வருடம் அத்தையின் பேத்தி என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். சில நேரம் டீச்சர் என்பாள், மறந்துபோனால் சித்தி என்பாள். போன வாரம் ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னபோது அவள் எழுந்து நின்று மேகம் மேய்க்கும் ராட்சசன் கதையைச் சொன்னாள். ஆயா சொன்னது என்றாள்; அவளுக்கு ஆயா என்றால் பாட்டி, என் அத்தை. பெண் மலை ஏறினாள், மேகம் மேய்க்கக் கற்றுக்கொண்டாள், எல்லாம் நான் சொன்னபடியே வந்தது. எனக்கு உள்ளே பூரித்துக்கொண்டிருந்தது. அப்போது அவள் நான் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அந்த ராட்சசனுக்கு ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க மருமக வருவானு ரெண்டு தட்டுல சோறு போட்டு வெச்சிக்கினு ஒக்காந்திருந்தாங்க. அவங்கள யாருமே பாக்கல டீச்சர்."

அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"தெரியல. ஆயா அதோட நிறுத்திடுவாங்க. அந்தப் பொண்ணு சாப்ட்டாளா இல்லையானு கேட்டா, அது அவளத்தான் கேக்கணும்னு சொல்லுவாங்க."

அன்றைக்குச் சொன்ன பதிலில் இன்றும் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றமாட்டேன். ஆனால் மலையில் வேறொருத்தியும் இருந்தாள் என்பது இத்தனை வருடப் படிப்பில் எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கதையின் விலாசம் இப்போதும் நான்தான். பள்ளி விட்டதும் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு செங்கம் சாலையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு நடந்தேன். அத்தை விடுதி வேலை முடிந்து வந்து, வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பேத்தியைப் பார்த்தாள்.

"பசிக்குது அத்தை" என்றேன்.

துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சோற்றுப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "கை கழுவிக்கினு வா" என்றாள் உள்ளேயிருந்து.